அசையாத வேலி

மர்பி டவுனில் கல்யாண ஆல்பம் என்றால் வீணாவிடம்தான் வருவார்கள். கண்ணை மூடிய மாப்பிள்ளைக்கு அடுத்த படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து ஒட்டிவிடுவாள். பெற்ற தாய்கூடக் கண்டுபிடிக்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவளை அன்று காலையிலிருந்து மூன்று நீர்க்காகங்கள் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தன.

அல்சூர் ஏரியில் அவள் புருஷன் மஞ்சுநாத் எடுத்த படம். காலண்டர் அச்சடிக்கும் ஒருவர் கேட்டிருந்தார், மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். தண்ணீரைவிட்டுப் பறவைகள் கிளம்பும் நேரம், நல்ல வெயில். ஆனால் எல்லாம் கலங்கிக் கிடந்தது.

"பறவைன்னா பறக்கும்ல? அதான் பிளர் ஆயிருக்கு. கொஞ்சம் ஷார்ப் பண்ணு," என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்காகப் பேட்டரிகளைச் சார்ஜ் போடப் போய்விட்டான் அவன்.

வீணா ஷார்ப் பண்ணினாள். இறக்கை முள்ளு முள்ளாய்க் குத்திட்டு நின்றது. அழித்தாள். கழுத்தை மட்டும் திருத்தினாள், நீர்க்காகம் வாத்தாகிவிட்டது. அதையும் அழித்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. படத்தில் வேறு ஏதோ உறுத்தியது, என்னவென்றுதான் பிடிபடவில்லை.

பறவையை விட்டுவிட்டுப் படத்தின் மூலையைப் பெரிதாக்கினாள். ஏரிக்கரை இரும்பு வேலி. அதன் கம்பிகளும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பறவை பறக்கும், சரி, வேலியுமா பறக்கும்? வெயில் பட்டுத் தண்ணீரில் மின்னிய புள்ளிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் சின்னக் கோணல் கோடாக இழுபட்டிருந்தது. எல்லாம் ஒரே கோணல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் பழியைப் பறவைமேல் போட்டிருக்கிறான். அசைந்தது கேமரா பிடித்த கை.

போன மாதக் கல்யாணப் படங்களைத் திறந்தாள். மாலை மாற்றும்போது கலங்கல், அட்சதை விழும்போது கலங்கல். கூட்டம் இடித்துவிட்டது என்று அவன் சொல்ல, அவளும் நம்பி, வேறு படங்களிலிருந்து ஒட்டுப்போட்டுக் கொடுத்திருந்தாள். இப்போது மணமேடைத் தூணைப் பெரிதாக்கினாள். தூணும் இரண்டாகத் தெரிந்தது. இவ்வளவு கெட்டிக்காரியாக இல்லாமல் இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும் என்று தன்மேலேயே கோபம் வந்தது. காலண்டர்காரர் போனில் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.

"என்னாங்க," என்றாள். "கை எத்தினி நாளா நடுங்குது?"

மஞ்சுநாத் உள்ளே வந்தான். பறவையைப் பற்றி என்னவோ சொல்ல வந்தவன், திரையில் தூணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"தீபாவளிக்கு முன்னாடியிருந்து. நீதான் எல்லாம் சரி பண்ணிடறியே, அதான் சொல்லல."

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. பயமாகவும் இருந்தது. தாலியை ஒருதரம்தான் கட்டுவார்கள். அது கலங்கினால் ஒட்டுப்போட வேறு படம் கிடையாது.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம். ஞாயித்துக்கெழம கேமராவ நான் புடிக்கிறேன். நீங்க பக்கத்துல லைட்ட புடிங்க."

அவன் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லைட்டும் ஆடும், வீணா," என்றான்.