விடியுமுன் பிறந்தவர்களுக்குத் திருத்தம் இலவசம்

தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த தனபாலனுக்கு அடுத்தவர் வழக்கென்றால் உயிர். தனக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லை என்றால் உற்சாகம் இன்னும் கூடும். அதனால்தான், கம்ப்யூட்டர் ஜாதகக்காரனைக் கேள்வி கேட்க நாலு பேர் கிளம்பியபோது கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

ஜாதகக்காரன் பெயர் ஸ்ரீரங்கன். மயிலாப்பூரில் ஒரு மாடி அறை. மிஷின் அவனுடையதல்ல, ஏதோ ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாடகைக்கு எடுத்து ஓட்டுவான். ஜோசியர் கேட்பதில் பாதிகூட வாங்கமாட்டான். ஓரத்தில் ஓட்டை போட்ட தாளில் ராசி, நட்சத்திரம், தசை எல்லாம் அச்சாகி வந்துவிடும். எழுபத்தொன்பதில் அந்தத் தாள் ஏறாத கல்யாண வீடு அந்தப் பக்கம் குறைவு.

இப்போது, கூட்டத்தோடு வந்திருந்த அய்யாதுரையின் பேரனுக்கு நட்சத்திரம் தப்பாக வந்துவிட்டது.

"இன்னா மிஷின் வச்சிக்கினு கீற? கொயந்தைக்கு வேற யாரோட நட்சத்திரத்தையோ குடுத்துட்டியே!" என்றார் அய்யாதுரை.

ஸ்ரீரங்கன் மழுப்பவில்லை. "கேளுங்கோ மாமா. நம்மாத்துல விடிஞ்சாத்தான் அடுத்த கிழமை. மிஷினுக்கு ராத்திரி பன்னெண்டு தாண்டினாலே மறுநாள். செவ்வாய் ராத்திரி மூணு மணின்னு நீங்க எழுதிக் குடுத்தா, அது நம்ம திங்கள் ராத்திரியை எடுத்துண்டுடறது. ஒரு நட்சத்திரம் பின்னாடி போயிடறது. ஜோசியர்னா செவ்வாய் விடியறதுக்கு முன்னாடியா, புதன் விடியறதுக்கு முன்னாடியான்னு கேட்பார், இது கேக்காது. இந்த ஞாயிறு சரி பண்ணிடறேன். இந்த விலைக்கு..."

"விலை கம்மின்னா நட்சத்திரமும் கம்மியா?" தனபாலன்தான். "இதுவரைக்கும் வாங்கின அத்தனை பேருக்கும் காசில்லாம புதுசு அடிச்சுக் குடுக்கணும். போர்டு எழுதி மாட்டுய்யா!"

படிக்கட்டு வரை நின்ற கூட்டம் கைதட்டியது.

அந்த வெற்றியோடு வீட்டுக்கு வந்து, சோற்றில் ரசம் ஊற்றும்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் மகள் ஜெயபாரதிக்கு யாரும் ஜாதகம் எழுதி வைக்கவில்லை. போன வருஷம் இதே மிஷின்தான் கேட்டை என்று சொன்னது. கேட்டை மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது; மாப்பிள்ளை கனகராஜுக்கு அண்ணனே கிடையாது. சிந்தாதிரிப்பேட்டையில் நிம்மதியாகக் கல்யாணம் முடிந்தது. ஆனால் அவள் பிறந்ததும் விடியுமுன். கேட்டைக்கு அடுத்தது மூலம். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். அவள் மாமனார் இந்தத் தையில்தான் செத்திருந்தார்.

மறுநாள் காலையிலேயே மாடியேறினார். "தம்பி, எம்பொண்ணு தாளை மட்டும் பழசாவே விட்டுடு."

"வேண்டாம்னா நீங்க வாங்கிக்காதேங்கோ. பிள்ளையாத்துக்காராகிட்டயும் ஒரு தாள் இருக்கே? அவா கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அப்ப போர்டு மாட்டாத."

ஸ்ரீரங்கன் அவரையே பார்த்தான். "நேத்து நீங்கதானே மாமா..." என்று தொடங்கி, பாவம், நிறுத்திக்கொண்டான்.

போர்டு ஏறியது. பழைய தாளைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளத் திருவிழாக் கூட்டம். உச்சிவெயிலில் பிறந்தவர்கள்கூட வரிசையில் நின்றார்கள், இலவசமாயிற்றே. தனபாலன் கடையை மூடிவிட்டு எதிர் டீக்கடையில் காவல் இருந்தார். சம்பந்தியம்மா மீனாட்சி வந்தால் எப்படியாவது பேசித் திருப்பி அனுப்ப வேண்டும். கடை ஏன் பூட்டியிருக்கிறது என்று தெருவே ஆராய்ந்தது. கடன் என்றார்கள், மூலவியாதி என்றார்கள்.

மீனாட்சி வரவேயில்லை. அய்யாதுரைதான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உன் சம்பந்தியம்மாவ கோயிலாண்ட பாத்தேன் நைனா. காலு வலி, மாடியேற முடியாதுன்னாங்க. அவங்க தாளை நானே மாத்திக் கொண்டாந்து குடுத்துட்டேன். உன்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடிக்கலாம்னு வந்தேன்."

தனபாலன் எழுந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

சிந்தாதிரிப்பேட்டையில் சத்தம் ஏதும் இல்லை. புதுத் தாள் மீனாட்சியின் மடியில் கிடந்தது. தனபாலனைப் பார்த்ததும் கனகராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"உங்க மேல தப்பில்ல சம்பந்தி," என்றாள் மீனாட்சி. "நேரத்தைச் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. ஆனா அவர் போயிட்டார். எனக்கு மிச்சம் ஒரே பையன்."

ஜெயபாரதி ஈரக்கையோடு வந்தாள். "அப்பா, மாமா படுக்கையில கெடந்தப்ப கஞ்சி ஊத்தினது நான். பீ மூத்திரம் அள்ளினது நான். அப்ப நான் கேட்டைதானே? அந்தப் பழைய தாளையே வாங்கிட்டு வாங்கப்பா."

தனபாலன் மீனாட்சியைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த தாளை மடித்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஜெயபாரதி உள்ளே போனாள். பெட்டியை இழுக்கும் ஓசை கேட்டது. அவர் தெருவில் இறங்கி ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். எத்தனை பேர் என்று கேட்டான் ரிக்‌ஷாக்காரன்.

"ரெண்டு பேர்," என்றார். "ஒரு பெட்டியும் இருக்கு."