கிபிர் போன பிறகு

எங்கள் வேலிப் படலையடியில் நின்று சண்டை பிடிக்க வேண்டுமென்று அந்த இரண்டு பேரும் எங்கிருந்து வந்தார்களோ தெரியாது. விசுவமடுவில் வேறு படலையே இல்லையா? அவள் ஒரு கையில் உரப்பையும் மறு கையில் நாலு வயதுப் பெண்பிள்ளையுமாக விறுவிறென்று நடந்து வந்தாள். பின்னால் சைக்கிளில் வந்தவன் குறுக்கே விட்டு மறித்தான்.

"வீட்டை வா, சுமித்திரா."

"நான் மல்லாவிக்கு அக்கா வீட்டை போறன். விடுங்கோ."

அவன் உரப்பையைப் பிடித்து இழுத்தான். நான் விளக்குமாற்றோடு விடுப்புப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்காமல் பின்னே? என் படலையல்லவா!

அந்த நேரம் பார்த்து, குண்டு போட வருகிற கிபிர் விமானம் இரைந்தது. எங்கள் பங்கர் வேலிக்கு உள்ளே, வீதியோரமாக இருந்தது. ஆளுயரத்துக்குக் கிடங்கு வெட்டி, மேலே மரக்குற்றி அடுக்கி மண் போட்டது. இரைச்சல் கேட்டால் வீதியால் போகிற வருகிறவர்கள் எல்லோரும் கேட்டுக்கேள்வியின்றி அதற்குள்தான் விழுவார்கள். அன்றைக்கு நான், அந்தப் புருசன் பெண்சாதி, பிள்ளை, கலியாணத் தரகர் தவராசா, கீரை விற்கிற ராக்காயி. முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தோம்.

பயம் பிடித்தால் வாய் சும்மா இருக்காது. தவராசாவுக்குச் சொல்லவும் வேண்டுமா? ஊரெல்லாம் சாதகக் கட்டோடு திரிகிற மனிதர்.

"என்ன தம்பி பிரச்சினை?" என்று தொடங்கினார்.

"ஒண்டுமில்லை ஐயா. கறிக்கு உப்புக் கூடிப்போச்செண்டு ஏதோ சொல்லிப்போட்டன். அதுக்கு வெளிக்கிட்டிட்டா," என்றான் அவன். நல்ல தன்மையான குரல். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"வாயால சொன்னனியோ, கையால சொன்னனியோ?" என்று கேட்டேன். அவளுடைய கன்னம் வீங்கியிருந்தது அந்த இருட்டிலும் தெரிந்தது.

அவன் தலையைக் குனிந்தான். "பிழைதான் அக்கா. இனிக் கை வைக்க மாட்டன். பிள்ளையாணை."

தவராசாவுக்கு அது காணும். "பாத்தியா பிள்ளை? தன்ர பிழையை ஒத்துக்கொள்ளுற ஆம்பிளை எத்தினை பேர் இருக்கினம்? பேசாமல் வீட்டை போ."

"அதெல்லாம் வேணாம் தாயி," என்றாள் ராக்காயி. "நீ அக்கா வீட்டுக்கே போ. ஒரு மாசம் தனியா ஆக்கித் தின்னட்டும், தன்னால புத்தி வந்துரும்."

"ஒரு மாசம் என்ன, ஒரேயடியாப் போ," என்றேன் நான்.

"இரஞ்சிதமக்கா, குடும்பத்தைப் பிரிக்கிற கதை கதையாதேங்கோ."

"நீர் சேர்த்து வைச்ச குடும்பங்களைப் பற்றி நான் வாய் திறக்கட்டோ?"

தவராசா இருமினார்.

குண்டு கிழக்கே எங்கோ விழுந்தது. நிலம் உதறியது. மண் எங்கள் தலையில் கொட்டியது. அவன் ஒரே பாய்ச்சலில் பெண்சாதியையும் பிள்ளையையும் சுவரோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, வாசல் பக்கத்துக்குத் தன் முதுகைக் கொடுத்தான். நடிப்பில்லை. முதுகு முழுக்க வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கே மனம் இளகிப்போயிற்று. பிள்ளையோ அவனுடைய கைக்குள் இருந்தபடி மண்சுவரில் விரலால் கோடு கீறிக்கொண்டிருந்தது. ஒரு சிணுக்கம் கூட இல்லை.

"இப்பிடி உயிரைக் குடுக்கிற மனிசனையோ விட்டிட்டுப் போறாய்?" என்றார் தவராசா. ராக்காயியும் அவன் முதுகைப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்," என்றாள். அவளே சொல்லிவிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதுவரைக்கும் சுமித்திராவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"கிபிர் வந்தால் நல்ல மனிசன் ஐயா. எப்பவும் இப்பிடித்தான் அணைச்சுக்கொண்டு இருப்பார். அது போனாப் பிறகுதான் எனக்குப் பயம்." கொஞ்சம் நிறுத்தினாள். "இவர் அடிக்கேக்க, கிபிர் வரவேணும் எண்டு பிள்ளையாரைக் கும்பிட்டிருக்கிறன்."

என் மூத்தவளைக் கிபிர்தான் கொண்டுபோனது. தோட்டத்தில் மிளகாய்ப்பழம் பிடுங்கப் போனவளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"என்னடி சொன்னனீ? என்ர பிள்ளையைத் திண்ட சனியனையோ கும்பிட்டுக் கூப்பிட்டனீ?" என்று கையை ஓங்கிவிட்டேன்.

அவள் தன் முகத்தை மறைக்கவில்லை. கையை நீட்டிப் பிள்ளையின் முகத்தைத்தான் மறைத்தாள்.

"பிழையெண்டு தெரியும் அக்கா. அடி விழேக்க வேற ஆரைக் கூப்பிடுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். அவளை மன்னிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. திட்டவும் வாய் வரவில்லை.

இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்து இல்லாமல் போனது. தவராசா வேட்டியைத் தட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறினார். ராக்காயி கீரைக் கூடையைத் தூக்கினாள். பிள்ளை அவள் பின்னால் ஏறிப் போய், சிந்திய கீரைத் தண்டுகளைப் பொறுக்கத் தொடங்கியது. அவனும் ஏறினான். "வா, சுமித்திரா, போவம்," என்று மேலே நின்று கூப்பிட்டான். அதே தன்மையான குரல்.

அவள் எழும்பவில்லை. என் சேலையைப் பிடித்தாள். "அக்கா, நான் இண்டைக்கு இஞ்ச நிக்கட்டோ?"

புத்தி சொல்ல எங்களில் மூன்று பேர் இருந்தோம். இதைக் கேட்க அவளுக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

"நில்," என்றேன். படியில் ஏறிப் போய் அவன் முன்னால் நின்றேன். "தம்பி, அவ வரேல்லை. நீர் சைக்கிளை எடும்."

அவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். ஒன்றுமில்லை, வெறும் வெயில். பிறகுதான் வாயைத் திறந்தான்.

"கிழட்டு மூதேவி! என்ர பெண்சாதியை மறிக்க நீ ஆரடி? ஏய் சுமித்திரா, வெளியில வாடி! இண்டைக்கு உன்னை முறிச்சுப் போட்டுத்தான் மற்ற வேலை!"

நான் ஐம்பது வருசத்தில் எத்தனையோ ஆண்களின் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. படலைக்கு வெளியே தன் சைக்கிளை எடுத்து மிதியில் ஒரு காலை வைத்த தவராசா அப்படியே நின்றுவிட்டார்.

"தரகர், கேட்டீரோ? வந்து சேர்த்து வையுமன்!" என்று கத்தினேன்.

அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை கீரைத் தண்டுகளை எறிந்துவிட்டு, என் காலுக்குள்ளால் புகுந்து பங்கருக்குள் பாய்ந்தது. நிலத்தில் குப்புற விழுந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு கிடந்தது. குண்டு விழும்போது அப்படித்தான் படுக்க வேண்டுமென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கியிருந்தோம்.

சுமித்திரா அதன் முதுகைத் தடவினாள். "எழும்பு குஞ்சு. கிபிர் இல்லை, அப்பாதான்," என்றாள்.

பிள்ளை எழும்பவில்லை.