கடைசிப் பாட்டு அக்காவுடையது

அந்தத் தெருவில் ஆண்டு முடிவது, பல் செட் செய்பவர் தன் பாட்டுகளை அனுப்பி வைத்த பிறகுதான். அதுவரை கடைசி நாளின் மாலை வெயில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்காமல் அப்படியே நிற்கும். ஒரு வருடம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டபோதுதான் இது எல்லோருக்கும் உறைத்தது. பக்கத்துத் தெருவில் புது வருடம் பிறந்து பழசாகத் தொடங்கியிருந்தது. இங்கே மட்டும் டிசம்பர் சாயங்காலம் சுவரில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அனுப்பினார், இருட்டியது, எல்லோரும் போய்ப் படுத்தார்கள். நகராட்சிக்கு யாரும் எழுதிப் போடவில்லை. குழாயில் தண்ணீர் வராததற்கே எழுதிப் போட்டு அலுத்துப்போன தெரு அது.

அவருக்கு முன்னறைதான் பட்டறை. மேசை முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள், மெழுகு, சின்னச் சின்ன அரங்கள். காதில் எந்நேரமும் ஹெட்ஃபோன். இன்ன வகைப் பாட்டு என்று கிடையாது: கப்பல்காரர்கள் கயிறு இழுக்கையில் பாடுவது, பேர் தெரியாத மொழியில் ஒரு தாலாட்டு, தன்னந்தனியாக அழுகிற ஒரு டிரம்பெட், இயந்திரத்துக்கு விக்கல் எடுத்தாற்போன்ற நடனப் பாட்டு. வருடம் பூராவும் கேட்டதில் மனசைப் பிடித்த பன்னிரண்டைக் கோத்து, முதலில் கேசட்டில், பிறகு சிடியில், இப்போது தெருவின் ஃபோன் குழுவில் அனுப்புகிறார். அதில் அவர் பொறுக்குவது பதினொன்றுதான். சின்ன வயதில் வீட்டில் இருந்த ஒரே டேப் ரிக்கார்டருக்காக நடந்த சண்டையின் முடிவில், கடைசிப் பாட்டு அக்காவுக்கு என்று தீர்ப்பானது. அது இன்றுவரை மாறவில்லை.

அக்கா மாடியில் இருந்தார். பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விசில் தேவைப்படாத குரல். அவர் கொடுக்கும் பாட்டுகளைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். ஐஸ் வண்டியின் மணி ராகம், பல்பொடி விளம்பரம், காற்றுப் போன பேண்டு வாத்தியம். தம்பி ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொண்டுதான் சேர்ப்பார். உண்மையைச் சொன்னால், பாதித் தெரு முதல் பதினொன்றையும் தள்ளிவிட்டு நேரே கடைசிக்குத்தான் போகும். இது அவருக்கும் தெரியும். அதுதான் எரிச்சல்.

அந்த வருடம் அக்காவின் கல்லீரல் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இந்த வருஷத்தைத் தாண்டுறது கஷ்டம் சார்" என்றார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இவர் மயிரிழை பிசகாமல் அரம் போடுகிறவர். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வருடம் முடிந்தால்தானே தாண்ட வேண்டும்? கடைசி நாள் வந்தது. பதினொரு பாட்டும் தயாராக இருந்தன. பன்னிரண்டாவதை அவர் அக்காவிடம் கேட்கவில்லை.

வெயில் தொட்டிக்கு மேல் நின்றது. ஜனங்கள் சாப்பிட்டார்கள், ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்கப் பார்த்தார்கள், எழுந்தார்கள், அதே சாயங்காலம். வாட்ச்மேனை மாற்ற ஆள் வரவில்லை. விடுமுறை முடியாததால் பிள்ளைகளுக்கே சலித்துவிட்டது. நாய்கள் படுக்க இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தன. தெருக்கோடி வீட்டுப் பெண்ணுக்கு முதல் தேதி கல்யாணம். மாப்பிள்ளை பதிவு அலுவலகத்தில் முதல் தேதியில் உட்கார்ந்திருக்க, பெண் இங்கே முந்தின நாளிலேயே தலையைப் பின்னுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். யாராலும் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. இஸ்திரிக் கடை அம்மா தலைமையில் ஒரு கும்பல் கதவைத் தட்டியது.

"தம்பி, தூக்கமே போச்சு. பதினொன்னு போதும், அனுப்பி விடுங்க."

"ஒன்னு இன்னும் அமையலம்மா."

"அமையறதுக்கு இதென்ன கல்யாணமா?"

"எங்க வீட்ல நிஜமாவே கல்யாணம்தாங்க" என்றார் பின்னால் நின்ற பெண்ணின் அப்பா.

அவர் மாடியை ஒரு முறை பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள், அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

அவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பாட்டுகளின் வரிசையை மாற்றினார், திரும்ப மாற்றினார். யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லை மழுங்க அரம் போட்டுக் கெடுத்தார். மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். கடைசியில் அக்காவே கேட்டுவிட்டார். வெயில் கண்ணில் படாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"என் பாட்டை ஏன்டா கேக்கல?"

"அவசரம் என்னக்கா."

"டாக்டர் என்கிட்டயும்தான் சொன்னார். மடையா, நீ புடிச்சு வெச்சிருக்கிறது தேதியை. வலி அது பாட்டுக்கு நடந்துக்கிட்டேதான் இருக்கு."

அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அக்கா அழ விட்டார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து தன் ஃபோனை எடுத்து நீட்டினார். அதில் ஒரு பதிவு: கரகரவென்று அரம் போடும் சத்தம், கூடவே எந்தச் சுருதியிலும் சேராமல் முனகுகிற ஒரு குரல்.

"இது யாரு?"

"நீதான். காதை அடைச்சுக்கிட்டுப் பாடுறவனுக்கு எங்க கேக்கும்? எனக்குத் தினம் கீழேருந்து இதுதான் கச்சேரி."

"அய்யோ அக்கா, தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கடைசி என்னோடது."

அனுப்பினார். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் முதலிலிருந்து கேட்டார்கள். நாலாவதுக்கு அக்கா, "பூனை வாலை யாரு மிதிச்சது?" என்றார். வெயில் சிவந்தது. பன்னிரண்டாவது வந்தபோது தெருவின் எல்லா ஜன்னல்களிலிருந்தும் அவருடைய முனகல் ஒரே நேரத்தில் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சூரியன் தொட்டிக்குப் பின்னால் இறங்கியது. பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அக்கா உயிரோடு இருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் அடுத்த வருடத்தில் சேர்த்தி என்று டாக்டரிடம் தம்பி பிற்பாடு சொன்னார், டாக்டர் மறுக்கவில்லை. விடிந்ததும் கோடி வீட்டுப் பெண் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மறு வருடக் கடைசியில் பதினொன்று தயாரானது. கடைசிப் பாட்டைக் கொடுக்க ஆளில்லை. இனி ஒருபோதும் இருட்டாது என்று நினைத்தார். தெருவும் அதையே நினைத்துத் தடித்த திரைகள் வாங்கி வைத்திருந்தது. மத்தியானம் அவருடைய ஃபோன் ஒலித்தது. அக்காவின் எண். அக்காவின் ஃபோனோ பேட்டரி உப்பி, செத்து, அலமாரி இழுப்பறையில் கிடந்தது. வந்ததைத் திறந்தார்: லாரி ரிவர்ஸில் வரும்போது பாடுமே, அந்தக் கீச்சு ராகம். ஓர் இடம் விடாமல் கடைசிவரை கேட்டார்.

"இதெல்லாம் ஒரு பாட்டாக்கா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். பன்னிரண்டாவதாகச் சேர்த்து அனுப்பினார். பாதித் தெரு நேரே கடைசிக்குப் போனது. இருட்டத் தொடங்கியதும் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, பாதியில் விட்ட பல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.