இரண்டு போன்களுக்கு நடுவே ஓர் உலை

அந்த ஆலையில் தூள் செய்யும் வரிசையைப் பகலில் பார்த்துக்கொண்டது ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பேர். ஆரம்பத்தில், கரைசலைப் பனிபோலப் பீய்ச்சும் இடத்தில் அண்ணி. கடைசியில், வெந்து வரும் தூளைத் துணிப்பைகளில் பிடிக்கும் இடத்தில் நாத்தனார். நடுவே ஆயிரம் டிகிரி உலையைக் கவனித்தவன் ஒருத்திக்குக் கணவன், இன்னொருத்திக்கு அண்ணன்.

தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் பொடித்தூள் அது. உலையை அணைத்தால் மறுபடி சூடேற்ற இரண்டு நாள் பிடிக்கும். அதனால் வரிசை நிற்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை, அண்ணி ஆசையாகத் தைத்து மாட்டிய திரைச்சீலையைப் பார்த்து, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று விருந்தாளிகள் எதிரிலேயே நாத்தனார் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வேலை விஷயமெல்லாம் அவன் வழியாகத்தான் போய்வந்தது.

புதன்கிழமை காலை நாத்தனார் அவனுக்குப் போன் செய்தாள். தூள் கட்டி கட்டியாக வருகிறது, பை அடைக்கிறது, உன் பெண்டாட்டி கரைசலை வாரி இறைக்கிறாள், குறைக்கச் சொல் என்றாள். இதை அப்படியே சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை.

"தூள் நல்லா வருதாம். நீ களைச்சிருப்பே, மெதுவா பண்ணச் சொன்னா" என்று மனைவியிடம் தேன் தடவிச் சொன்னான்.

களைப்பா, எனக்கா என்று அண்ணிக்குச் சுருக்கென்றது. கரைசலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

பையின் அழுத்தத்தைக் காட்டும் முள் சிவப்பை நெருங்கியது. நாத்தனார் இன்னும் இரண்டு முறை சொல்லியனுப்பினாள். அவனும் இரண்டு முறை தேன் தடவினான். கடைசியில் அவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் படியேறி அண்ணி முன்னால் போய் நின்றாள்.

"அண்ணி, துளி பெருசா விழுது. பை அடைச்சுக்கிச்சு. மூணு தடவை சொல்லியனுப்பிட்டேன்."

"எங்கிட்ட நல்லா வருதுன்னுல்ல சொன்னாரு?"

இருவரும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தார்கள். அவன் சுத்தமாக இருந்த மேசையை அவசரமாகத் துடைக்கத் தொடங்கினான்.

அண்ணி கரைசலைக் குறைத்து, துளியைச் சிதறடிக்கும் காற்றைக் கூட்டினாள். நாத்தனார் இறங்கி ஓடி, தூள் வரும் வழியை மாற்றுப் பைக்குத் திருப்பினாள். பத்து நிமிடத்தில் முள் இறங்கியது. உலை நிற்கவில்லை.

இந்த முறை போன் நேராக அண்ணிக்கே வந்தது.

"இப்ப சரியா இருக்கு அண்ணி. அப்புறம்... அன்னிக்கு நாலு பேர் முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"அப்போ ஆஸ்பத்திரி மாதிரிங்கறது நிஜந்தானா?"

"லேசா."

அண்ணிக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

மாலை, அடுத்த ஷிப்டு ஆட்கள் வந்ததும் இருவரும் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். மூன்று சாப்பாட்டுக் கூடைகளையும் தூக்கிக்கொண்டு அவன் பத்தடி பின்னால் போனான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.