வாடகைக்கு வந்த மரங்கள்

அப்பாவின் கண்களை அவள் மூடிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நடந்து போனது. அடியில் இரண்டு ஜோடிக் கால்கள். பின்னாலேயே இன்னொரு மரம்.

"ஜன்னலை ஒட்டி வைங்கப்பா, ஆபீசர் கண்ணு மொதல்ல அங்கதான் விழும்." அண்ணனின் குரல்.

லாரிகள் ஓயாத சாலைக்கும் குடியிருப்புக்கும் நடுவில் அடர்த்தியாக மரம் வளர்க்க ஒரு பட்டை நிலம் விட வேண்டும், தூசியும் இரைச்சலும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது நகரமைப்பு அலுவலகத்தின் விதி. கட்டடம் கட்டிய அண்ணன் அந்தப் பட்டை முழுக்க சிமென்ட் போட்டு, கார் நிறுத்த விற்றுவிட்டான். அதைப் பார்த்த மாதிரி இருந்த தரைத்தள வீட்டை மட்டும் ஒருத்தரும் சீந்தவில்லை. ஆகவே அதை அப்பாவுக்குக் கொடுத்தான். கொடுத்ததைக் கண்டவர்களிடமெல்லாம் சொன்னான். இருமிக்கொண்டே அதில் குடியிருந்த அப்பா, "ஜன்னலுக்கு வெளியே ரெண்டு செடி வைடா" என்று கேட்கும்போதெல்லாம், "வச்சிடலாம்பா" என்பான்.

இன்றைக்கு வைத்துவிட்டான்.

அவள் கூப்பிட்டதும் உள்ளே வந்தவன், கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றான். "எப்போ?"

"இப்பத்தான். இருமினார். அப்புறம் இருமல."

நெற்றியில் அடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்தது, நிஜமான தண்ணீர்தான். அதைத் துடைத்த கையாலேயே கைப்பேசியை எடுத்து மணி பார்த்தான்.

"பாப்பா." பேத்தி எடுக்கும் வயது வந்தும் அவனுக்கு அவள் பாப்பாதான். "ஆபீசர் வந்துட்டுப் போற வரைக்கும் வெளியே மூச்சு விடாதே."

"என்னண்ணே பேசறே?"

"சொன்னா சொந்தக்காரனெல்லாம் வண்டியைக் கொண்டாந்து புல்லு மேல ஏத்துவான். இன்னிக்கு விட்டா கையெழுத்துக்கு இந்த ஆளைப் பிடிக்கவே முடியாது. அப்பா இருந்தா அவரே சொல்லியிருப்பார், வேலையை முடிடான்னு."

"அப்பா இருந்தப்ப செடி வைடான்னுதான் சொன்னார்."

"அழறதுன்னா சத்தமில்லாம அழு" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

அவள் அழவில்லை. வேடிக்கை பார்த்தாள். பாய் மாதிரிச் சுருட்டி வந்த புல்லைச் சிமென்ட்டின் மேல் விரித்தார்கள். வேரைக் கட்டிய சாக்கு மூட்டையோடு மரங்களை நிறுத்தி, மூட்டை தெரியாமல் மண்ணைக் குவித்தார்கள். "சாக்கோட காது தெரியுது பாரு, மூடு!" என்று மரங்களை வாடகைக்குக் கொண்டுவந்த நர்சரிக்காரர் கல்யாணப்பெண்ணை அலங்கரிக்கிற பதற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தார். எந்த மண்ணிலும் வேர் பிடிக்காத மரங்கள். ஆனால் நகரத்தில் எல்லாக் கட்டடத்தையும் அவைதான் பாஸ் பண்ண வைத்திருந்தன.

அதிகாரி கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். புல்லில் மூன்றடி வைத்ததும் அவருக்குப் பேச்சு ஊறியது.

"பசுமைங்கறது சட்டம் இல்ல சார், அது ஒரு மனசு."

"உங்களை மாதிரி யாரு சார் சொல்றாங்க!" என்றான் அண்ணன்.

"குடியிருக்கறவங்க யாராவது மரத்தை ரசிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணுமே."

"அப்பா இருக்கார் சார். தூங்கறார்."

அதிகாரி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கட்டிலருகே உட்கார்ந்திருந்த அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். "ஆகா, என்ன நிம்மதி முகத்துல! இந்தக் காத்துக்கு யாருக்குத்தான் தூக்கம் வராது? அப்படியே இருக்கட்டும், மரக்கிளையோட சேர்த்து எடுத்துக்கறேன்."

கைப்பேசி உயர்ந்தது.

"அவர் செத்துட்டார் சார்" என்றாள் அவள். "காலையிலேயே."

அண்ணன் மரத்தைப் பார்த்தான். மரம் இலேசாகச் சாய்ந்திருந்தது. இதோ இந்த ஆள் ஏதாவது கேட்பான், கூரையே இடிந்து விழும் என்று அவள் காத்திருந்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அடடா. சொல்லக்கூடாதா சார்?" அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "துக்க வீட்டுல உங்களை நிக்க வச்சு இஞ்சு இஞ்சா அளக்கறது மனுஷத்தனமா?" காரின் முன்பக்கத்திலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்தைப் போட்டார். அளவு நாடாவை வெளியே எடுக்கவே இல்லை.

கார் தெருமுனை திரும்பியதும் அண்ணன், "அப்பா!" என்று அலறினான். தெருவே கூடிவிட்டது.

வந்தவர்கள் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பெத்தவருக்காக எப்படித் தோட்டம் போட்டிருக்கான் பாரு" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் நர்சரி லாரி பின்பக்கமாக உள்ளே வந்தது. "சார், கொஞ்சம் எழுந்திருங்க." நாற்காலியோடு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்கள். "அம்மா, இதையும் எடுக்கணும்." மறுபடியும் நகர்ந்தார்கள். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் கேள்வி கேட்பது மரியாதை இல்லையே.

ஜன்னலோரத்து மரத்துக்கு ஆட்கள் வந்தபோது அவள் கம்பி வழியாகக் கையை விட்டுக் கிளையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவரைக் கொண்டுபோற வரைக்கும் இது இருக்கட்டும்."

ஆட்கள் நர்சரிக்காரரைப் பார்த்தார்கள். அவர் உள்ளே படுத்திருந்தவரைப் பார்த்துத் தயங்கினார். "எனக்கென்னம்மா, ஒரு மரம் விட்டுட்டுப் போவேன். அடுத்த சைட்டுல எண்ணுவாங்களே."

"அடுத்த சைட்டுக்காரன் கிட்ட நான் பேசறேன். யாரு அவன்?"

நர்சரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வாசல் பக்கம் பார்த்தார். அங்கே யாரோ ஒருவரின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த அண்ணன், சாய்ந்தபடியே தலையை மட்டும் திருப்பினான். அவளைப் பார்க்கவில்லை. நர்சரிக்காரரைப் பார்த்து, எடு என்பதுபோலக் கையை அசைத்தான்.

அவள் கிளையை விட்டாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த இரண்டு இலைகளைத் தட்டினாள்.

மரங்கள் வண்டியேறிப் போன பிறகு, எதிரே சாலையில் லாரிகள் முழுசாகத் தெரிந்தன. துணியை நனைத்து வந்து அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். வெள்ளைத் துணி பழுப்பாயிற்று. அலசிக்கொண்டு வந்து மறுபடியும் துடைத்தாள்.