படம் ஒட்டாத டின்கள்

புயல் வெள்ளம் வடியாத மூன்றாம் நாள், பள்ளிக்கூடத்தில் வந்திறங்கிய பால்பவுடர் டின்களைப் படகில் ஏற்றவிடாமல் தையல்காரர் மறித்தார். தன் கட்சித் தலைவர் படம் ஒட்டாமல் ஒன்றும் போகக்கூடாதாம்.

"மச்சான், மாடியில குழந்தைங்க கத்துதுங்க. உங்க தலைவரா பால் கரைச்சுக் குடுக்கப் போறாரு?" என்றார், எதிர்க்கட்சிக்காரரான அவருடைய தங்கை புருஷன்.

"நாங்க அனுப்புறதுக்கு நீங்க பேர் வாங்கவா?"

ஒட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு இருவரும் படகில் போனார்கள். முதல் மொட்டைமாடியில் நின்றவளின் தோளில், அழுதழுது குரல் போன குழந்தை துவண்டு கிடந்தது.

"ஏண்ணா இவ்ளோ நேரம்?"

தையல்காரர் டின்னில் ஒட்டியிருந்த படத்தை உள்ளங்கையால் மறைத்தார்.

"தண்ணி இழுப்பும்மா," என்றார் தங்கை புருஷன். "மச்சான்தான் பாவம், விடாம என்னையும் கூட்டிட்டு வந்தாரு."

அவள் தையல்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பொய் என்று சொல்லத் துணிவில்லாமல், அவர் தலையைக் குனிந்துகொண்டே டின்னை நீட்டினார்.