சுவரில் வரைந்த ஆப்பிள்கள்

மருத்துவமனைப் பயிற்சி அறைத் திரையில் ஆப்பிள் மரம் வந்ததும் வாலு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வயது எட்டு. அவளுடைய இடது கை பிறந்ததிலிருந்தே முழங்கையில் மடங்கிக் கிடந்தது. அந்தக் கையை நீட்டினால் கேமரா அதைக் கவனிக்கும். திரையில் ஒரு கை நீண்டு பழத்தைப் பறிக்கும். சோதனையே இந்த விளையாட்டுதான்.

“முழங்கை விரிஞ்சா ஊசியும் பயிற்சியும் போதும். இல்லேன்னா ஆபரேஷன்தான்” என்று டாக்டர் போன தடவையே சொல்லிவிட்டார். அன்றோடு அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

அவர் பெயிண்டர். மிச்சப்பட்ட சிவப்பு பெயிண்டில் வீட்டுச் சுவர் முழுக்க ஆப்பிள் வரைந்து, வேலை விட்டு வந்த கையோடு அவற்றைத் தொட மகளைப் பழக்கினார்.

“எட்டலப்பா.”

“கை எட்டலேன்னா உடம்பை அனுப்புடி. ஏணியில நிக்கறவன் மூலைக்கு எப்படி பிரஷ் போடறான்? ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏணியை நகர்த்திட்டா இருப்பான்? சாஞ்சு தொடு!”

சாய்ந்தாள். எட்டியது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்கக் குதித்தார்.

இப்போது திரை முன்னாலும் சாய்ந்தாள். ஒரு பழம்கூட மிச்சமில்லை. திரையில் கைதட்டல் கேட்டது.

“பாத்தீங்களா மேடம்? என் பொண்ணா கொக்கா!”

பயிற்சி தருகிற பெண் சிரிக்கவில்லை. அகலமான பட்டை ஒன்றை எடுத்து வாலுவை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினாள்.

“எதுக்குக் கட்டறீங்க? புள்ள என்ன ஓடியா போகுது?”

“உடம்பு வேண்டாம் சார். கை மட்டும் என்ன பண்ணுதுன்னு பாக்கணும்.”

மரம் மறுபடி வந்தது. வாலுவின் தோள் துடித்தது. முழங்கை அசையவில்லை. பழங்கள் பறிபடாமலே ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

“அக்கா, இதை அவுத்து விடுங்க. நான் ஜெயிச்சுடுவேன்.”

“தெரியும் செல்லம்.” பயிற்சிப் பெண் அப்பா பக்கம் திரும்பினாள். “போன தடவை சாயாமலே ரெண்டு பழம் பறிச்சா சார். இப்ப ஒண்ணுகூட இல்ல. உடம்பே எல்லாத்தையும் பண்ணிட்டதால கை சும்மா இருக்கப் பழகிடுச்சு. யார் இப்படிச் சாயச் சொல்லிக் குடுத்தது?”

அப்பா நகத்தில் காய்ந்திருந்த சிவப்பு பெயிண்டைச் சுரண்டினார்.

“நானேதான் கத்துக்கிட்டேன்” என்றாள் வாலு, அவரைப் பார்க்காமலே.

பயிற்சிப் பெண் பட்டையை அவிழ்த்தாள். “டாக்டர் மேல இருக்கார். ஆபரேஷனுக்குத் தேதி குடுப்பார்.”

வராந்தாவில் அப்பா கேட்டார்: “ஏன்டி பொய் சொன்னே?”

“உனக்குச் சொல்ல வரலையேப்பா.”

லிஃப்ட் வாசலில் நின்றார்கள். பொத்தான் பக்கச் சுவரில் சற்றுத் தள்ளி இருந்தது. மடங்கிய கையை மார்போடு வைத்துக்கொண்டு வாலு உடம்பு மொத்தத்தையும் அந்தப் பக்கம் சாய்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அப்பா வாயெடுப்பதற்குள் முழங்கை நுனி பொத்தானில் பட்டு விளக்கு எரிந்துவிட்டது.

“பாத்தியாப்பா?” என்று முகமெல்லாம் பல்லாகத் திரும்பினாள்.